ஓடிப்போனவனுக்கு இடம் இருந்ததா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கல்லூரியில் வரலாறு படிக்கும் என் பேத்தி, தேர்வுக்காகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்: ஐரோப்பாவில் 1348 வாக்கில் வந்த கொள்ளைநோயில் ஏராளமான மக்கள் இறந்தார்கள், ஆள் பற்றாக்குறையால் கூலி உயர்ந்தது, பண்ணையடிமை முறை ஒழிந்தது. கேட்டதும் எனக்கு உறுத்தியது. சின்ன வயதில் முன்னேற்றப் பதிப்பகத்தின் மொழிபெயர்ப்புகளில் நான் படித்த ரஷ்யக் கதைகளில் 19-ஆம் நூற்றாண்டிலும் பண்ணையடிமைகள் இருக்கிறார்களே! கோகோலின் நாவலில் ஒருவன் செத்துப்போன அடிமைகளைக்கூட விலைபேசுகிறானே! நோய் ரஷ்யாவுக்குப் போகவே இல்லையா? இல்லை, பாடப்புத்தகம் தப்பா? பேத்திக்கு என்ன சொல்லட்டும்?

பதில்: நோய் ரஷ்யாவுக்கும் போனது, அம்மா. 1352-இல் பிஸ்கோவ், நோவ்கோரத் நகரங்களைச் சூறையாடிவிட்டு, மறு ஆண்டு மாஸ்கோவுக்குள் நுழைந்து, ஆண்டுகொண்டிருந்த கோமகன் சிமியோனையே கொண்டுபோயிற்று. ஆனால் இங்கிலாந்தில் நோய்க்கு அடுத்த 150 ஆண்டுகளில் பண்ணையடிமை கிட்டத்தட்ட மறைந்துபோனான். ரஷ்யாவிலோ அந்த 150 ஆண்டுகள் கழிந்த பிறகுதான் கட்டு இறுகவே ஆரம்பித்தது. பாடப்புத்தகம் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டது. ஆள் குறைந்தால் கூலி ஏறும் என்பது, கூடுதல் கூலி தருபவரிடம் நடந்து போய்விட முடிந்தவனுக்குத்தான் பொருந்தும். போக முடியாதவனுக்கு, ஆள் குறையக் குறைய ஆண்டையின் பிடி இறுகும். இருக்கிற நாலு பேரையும் விட்டுவிட அவருக்கு மனம் வருமா? ஒரு நாட்டில் இந்த முறை எப்போது தளர்ந்தது என்று அறிய நான் இரண்டு கேள்விகள்தான் கேட்பேன். ஓடிப்போனவனைச் சேர்த்துக்கொள்ள இடம் இருந்ததா? அவனைப் பிடித்துத் திருப்பி அனுப்ப ஆள் இருந்ததா?

‘பண்ணையடிமை’ என்றதும் நமக்குத் தஞ்சாவூர்ப் பண்ணையாள்தான் கண்முன் வருவார். அந்தப் படத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். பண்ணையாளுக்குத் தமக்கென்று உழ நிலம் கிடையாது. சாதியும் சேர்ந்து அவரை அழுத்தியது. ஐரோப்பியப் பண்ணையடிமைக்கு வீடு உண்டு, ஏர்மாடு உண்டு, தன் பாட்டுக்கு உழுதுகொள்ளத் துண்டு துண்டாக நிலமும் உண்டு. அதற்கு விலையாக, வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் ஆண்டையின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருகிறதே, கட்டாயமான கூலியில்லாத உழைப்பு, அதேதான். மகளுக்குக் கல்யாணம் செய்ய ஆண்டையிடம் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். குடும்பத் தலைவன் செத்தால், தொழுவத்தில் இருப்பதில் நல்ல மாடு ஆண்டைக்குப் போய்விடும். மாவு அரைப்பதானாலும் ஆண்டையின் ஆலையில்தான் அரைத்து, ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. மற்ற எல்லாச் சுமைகளையும் இந்தக் கடைசித் தடைதான் தாங்கிப் பிடித்தது என்பது என் எண்ணம். போய்விட முடிகிறவனிடம் யார் மாட்டைப் பிடுங்குவார்கள்?

அதனால் விடுதலைக் கதையை 1348-இல் தொடங்கக் கூடாது; இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் காடு வெட்டிக் கழனி திருத்தும் வேலை மும்முரமாக நடந்தது. புது ஊர்களுக்குக் குடிகள் வேண்டும். குடிகள் வர வேண்டுமானால் ஆசை காட்ட வேண்டும். பிரான்சில் லோரிஸ் என்ற ஊருக்கு ஆறாம் லூயி மன்னன் ஒரு சாசனம் கொடுத்தான். ஓர் ஆண்டும் ஒரு நாளும் யாரும் உரிமை கோராமல் இங்கே குடியிருந்துவிட்டால் அவன் சுதந்திரன் என்பது அதில் ஒரு விதி. மற்ற ஊர்களும் அந்தச் சாசனத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டன. ஜெர்மன் நகரங்கள் பலவற்றிலும் இதே ஓர் ஆண்டு ஒரு நாள் கணக்கு இருந்தது. எல்பே ஆற்றுக்குக் கிழக்கே, பின்னாளில் பண்ணையடிமைத்தனத்துக்கே பேர்போன பகுதிகளில், அன்றைக்கு ஜெர்மானியக் குடியேறிகளுக்குக் கிடைத்த சலுகைகள் மேற்கே இருந்ததைவிட அதிகம். 1250-இல் ஒருவரை நிறுத்தி, எந்தப் பக்கத்து விவசாயி சீக்கிரம் முன்னேறுவான் என்று கேட்டிருந்தால், கிழக்கே கை காட்டியிருப்பார்.

அதே காலத்தில் இத்தாலியின் போலோஞ்ஞா நகரம் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 1256-இல் அந்த நகராட்சி, தன் எல்லைக்குள் இருந்த பண்ணையடிமைகளை ஆண்டைகளிடமிருந்து பணம் கொடுத்து மீட்டது. 14 வயதுக்கு மேற்பட்டவருக்கு 10 லிரா, அதற்குக் கீழே 8 லிரா. விடுதலையான 5,855 பேரின் பெயர்களையும் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். மனிதனைக் கடவுள் சொர்க்கத் தோட்டத்தில் சுதந்திரனாகப் படைத்தார் என்று தொடங்குவதால் அதற்குச் ‘சொர்க்கப் புத்தகம்’ என்றே பெயர். ஆண்டையின் ஆளாக இருக்கிறவனிடம் நகரம் வரி கேட்க முடியாது, சுதந்திரமானவனிடம் கேட்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது உண்மைதான். இருந்தாலும் 5,855 பேர், பெயர் பெயராக. மற்ற இடங்களில் எண்ணிக்கைகூடக் கிடைக்காத ஜனங்கள் இங்கே சொந்தப் பெயரோடு நிற்கிறார்கள். வரலாற்று மாணவி என்றால் உங்கள் பேத்திக்கு இந்தப் புத்தகத்தைப் பற்றி அவசியம் சொல்லுங்கள்.

பிரான்சில் 1315-இல் பத்தாம் லூயி மன்னன், தன் நேரடி நிலங்களில் இருந்த பண்ணையடிமைகள் விடுதலை பெறலாம் என்று ஆணையிட்டான். ‘பெறலாம்’ என்றால் விலை கொடுத்து. பிளாண்டர்ஸ் போருக்கு அவனுக்குப் பணம் தேவைப்பட்டது. இப்படி வாங்கும்படி வந்த விடுதலையைப் பலர் வேண்டாம் என்றார்கள். அவர்களிடமும் வரி போட்டுப் பிடுங்கச் சொல்லி அடுத்த உத்தரவு போனது. விடுதலை இலவசமாக வந்த இடம் ஐரோப்பாவில் அபூர்வம்.

இப்போது கொள்ளைநோய்க்கு வருவோம். 1348 கோடையில் டார்செட் கடற்கரையில் மெல்கம் துறைமுகம் வழியாக அது இங்கிலாந்துக்குள் வந்தது. ஒன்றரை ஆண்டில் மூன்றில் ஒருவர் முதல் இரண்டில் ஒருவர் வரை இறந்தார்கள். விளைந்த கதிர் அறுக்க ஆளில்லாமல் வயலிலேயே நின்றது. 1349-லேயே அரசாங்கம் அவசர ஆணை போட்டது. 1351-இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. நோய்க்கு முந்தைய கூலிதான் கூலி, அதற்கு மேல் கேட்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அறுவடை ஆளுக்கு நாளொன்றுக்கு 2 பென்னி, இரண்டாம் வாரத்தில் 3 பென்னி என்று வாரக் கணக்கில் விலை எழுதினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சட்டம் போட்டவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதைப் பேத்தி கவனிக்க வேண்டும். கிழக்கு ஐரோப்பாவில் பின்னால் நடந்ததை இங்கே செய்துபார்க்க ஆங்கில ஆண்டைகளும் ஆசைப்பட்டார்கள்.

ஆசை நிறைவேறாததற்குக் காரணம், ஆண்டைகளுக்குள் ஒற்றுமை இல்லாததுதான். ஓர் ஆண்டையிடமிருந்து இரவோடு இரவாக மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவன், 20 மைல் தள்ளி இன்னொருவர் ஊரில் போய் நின்றால், அங்கேயும் பாதி வீடு காலி. நீ யார், எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. உழத் தெரியுமா என்றுதான் கேட்டார். ஓடிப்போனவனை வழக்குப் போட்டு மீட்கலாம். ஆனால் அவன் பண்ணையடிமைதான் என்று ஆண்டைதான் நிரூபிக்க வேண்டும், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்குள் கதிர் உதிர்ந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் 1381 வந்தது. தலைக்கு 12 பென்னி வீதம் மூன்றாவது தலைவரி போட்டதும் எசெக்ஸ், கென்ட் மாவட்டங்கள் கொதித்து எழுந்தன. ஜூன் 14 அன்று லண்டனுக்கு வெளியே மைல் எண்ட் வெளியில், 14 வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டை நேருக்கு நேர் பார்த்துக் குடியானவர்கள் முக்கியமாக இரண்டு விஷயம் கேட்டார்கள்: பண்ணையடிமை முறை போக வேண்டும், நிலத்துக்கு ஏக்கருக்கு 4 பென்னி வாடகை. மன்னன் சம்மதித்தான். எழுத்தர்கள் விடுதலைப் பத்திரங்களை எழுதிக் குவித்தார்கள். மறுநாளே ஸ்மித்ஃபீல்டில் தலைவன் வாட் டைலர் கொல்லப்பட்டான். ஜூலை 2 அன்று பத்திரங்கள் எல்லாம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன.

அந்த நாட்களில் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நடந்ததை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது ஒரு பெரிய மடத்தின் ஊர். ஜனங்கள் மடத்தின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும் என்பது விதி. அரைக்கூலி தாங்காமல் வீட்டுக்கு வீடு கைத் திரிகை வைத்துக்கொண்டார்கள். 1330-களில் மடாதிபதி ரிச்சர்டு வழக்காடி ஜெயித்து, அந்தத் திரிகைக் கற்களை எல்லாம் பறிமுதல் செய்தார். செய்தவர் அவற்றைத் தூக்கி எறியவில்லை. மடத்துக் கூடத்தில் தரையாகப் பதித்துவிட்டார். ஐம்பது வருடம் மடத்துக்கு வந்துபோனவர்கள் எல்லாம் ஊராரின் திரிகைகள் மேல் மிதித்து நடந்தார்கள். 1381 ஜூனில் ஊரார் உள்ளே புகுந்ததும் கருவூலத்தைத் தேடவில்லை. தரையைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, கோயிலில் பிரசாதம் கொடுப்பதுபோல ஆளுக்கொரு துண்டு பங்கிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பாட்டனிடமிருந்து பிடுங்கியதைப் பேரன் திரும்ப எடுத்துக்கொண்டான். அரைப்பதற்கு அந்தத் துண்டுகள் பயன்படாது, மானத்துக்குப் பயன்பட்டன. ஒரு மாதம் கழித்து, இந்தக் கலகத்தின் பிரசங்கியான ஜான் பால் பாதிரியாரை அதே ஊரில் தூக்கிலிட்டார்கள்.

கலகம் தோற்றது, ஆனால் ஜனங்கள் மூட்டை கட்டுவது நிற்கவில்லை. குடியை நிறுத்திவைக்க ஆண்டைகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார்கள். வெட்டிக்குப் பதில் பணம், பணத்தையும் குறைத்து வாடகை. பண்ணை நீதிமன்றப் பதிவேட்டில் ‘அடிமைப் பிடிப்பு’ என்று எழுதிவந்த இடத்தில் மெல்ல மெல்ல ‘ஊர் வழக்கப்படி’ என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்தப் பதிவின் நகல் ஒன்று குடியானவன் கைக்கு வந்தது. நமக்குப் பட்டா போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘காப்பிஹோல்டு’ என்ற நிலவுரிமைக்கு அந்த நகல்தான் பெயர் கொடுத்தது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரசு நீதிமன்றங்கள் அந்த நகலை மதிக்கத் தொடங்கியதும் கதை கிட்டத்தட்ட முடிந்தது. இங்கிலாந்தில் பண்ணையடிமை முறையை ஒழித்து நாடாளுமன்றம் ஒரு சட்டம்கூடப் போடவில்லை. மிச்சமிருந்த சிலரை 1574-இல் முதலாம் எலிசபெத், தன் நிலங்களில், மறுபடியும் பணம் வாங்கிக்கொண்டு விடுவித்தார். 1618-க்குப் பிறகு நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கே இல்லை.

மேற்கு என்றால் எல்லாம் தானாக நடந்தது என்று நினைத்துவிடவும் கூடாது. ஸ்பெயினின் கத்தலோனியாவில் நோய்க்குப் பிறகு ஆண்டைகள் பிடியை இறுக்கத்தான் செய்தார்கள். குடியானவர்கள் இரண்டு முறை ஆயுதம் எடுத்து, 1462-இல் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் போராடிய பிறகுதான் 1486-இல் குவாதலூப்பேயில் மன்னன் பெர்டினாந்து தீர்ப்பு எழுதினான். ‘கெட்ட வழக்கங்கள்’ என்று பெயர்பெற்ற ஆறு சுமைகள் ரத்து. பதிலுக்கு ஒவ்வொரு பண்ணைவீடும் 60 சூ பணம் கட்ட வேண்டும். ஜெர்மனியில் 1525-இல் மெம்மிங்கனில் குடியானவர்களுக்காக எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகளில் மூன்றாவது, பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்பதுதான். அங்கே குடியானவர்கள் நசுக்கப்பட்டார்கள். ஸ்காட்லாந்தில் 1606-இல் போட்ட ஒரு சட்டம் நிலக்கரி வெட்டுபவரையும் உப்புக் காய்ச்சுபவரையும் முதலாளியோடு கட்டிப்போட்டது. அந்தக் கட்டு முழுதாக அவிழ 1799 ஆயிற்று. வயலில் ஒழிந்த பிறகு சுரங்கத்தில் முளைத்திருக்கிறது.

இனி கிழக்கே. எல்பேவுக்கு அந்தப் பக்கம் நகரங்கள் சிறியவை, தூரம் தூரமாக இருந்தவை. ஓடிப்போய் ஒளிய இடம் குறைவு. ஊருக்கு நீதிபதியும் ஆண்டையே. போலந்தில் பிரபுக்கள்தான் நாடாளுமன்றம். 1496-இல் ஒரு கிராமத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு குடியானவன்தான் வெளியேறலாம் என்று விதித்தார்கள். 1520-இல் வாரம் ஒரு நாளாவது வெட்டி உண்டு என்றார்கள். அந்த ஒரு நாள் பிறகு மூன்றாகி அதற்கும் மேலே போனது. காரணம் விஸ்துலா ஆற்றில் மிதந்து போனது: தானியம். கதான்ஸ்க் துறைமுகத்தில் ஏற்றி ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் கோதுமைக்கும் ரை தானியத்துக்கும் நல்ல விலை. மேற்கே சுதந்திரமாகிவிட்ட நகரத்தார் தின்ற ரொட்டியில் கிழக்கின் வெட்டி கலந்திருந்தது. அந்த வெட்டிக்குச் செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்று பெயர். 1920-இல் கரேல் சாப்பெக் தன் நாடகத்தில் வரும் செயற்கை மனிதர்களுக்கு வைத்த பெயர் அதிலிருந்துதான் பிறந்தது. நாம் ரோபோ என்று சொல்லும்போதெல்லாம் பொஹிமியக் குடியானவனின் கூலியில்லாத திங்கள், செவ்வாய், புதன்தான் வாயில் வருகிறது.

ரஷ்யாவில் ஆரம்பத்தில் குடியானவன் போகலாம். அறுவடை முடிந்து நவம்பர் 26, புனித யூரி நாள். அதற்கு முன்னே ஒரு வாரம், பின்னே ஒரு வாரம். பாக்கியைத் தீர்த்து, வீட்டுப் பணமும் கட்டிவிட்டால் வேறு ஆண்டையிடம் போகலாம் என்று 1497 சட்டம் சொன்னது. ஆண்டு முழுவதிலும் ஒரு கதவு, இரண்டு வாரம் மட்டும் திறக்கும். ஜார் மன்னனின் படை நிலமானியம் பெற்ற சிறிய குதிரைவீரர்களை நம்பியிருந்தது. பெரிய பிரபுக்களும் மடங்களும் நல்ல சலுகை காட்டி அவர்களுடைய குடிகளை இழுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் குடியானவனைக் காப்பாற்றிய அதே போட்டிதான், அம்மா. ஆனால் இங்கே தோற்கிற ஆண்டைகளின் பக்கம் அரசு நின்றது. 1580-களில் ‘இந்த வருடம் போகக் கூடாது’ என்று தடை ஆண்டுகள் வந்தன. மூடிய கதவு பிறகு முழுசாகத் திறக்கவே இல்லை. ஓடியவனைத் தேட இத்தனை வருடம்தான் என்று இருந்த கெடுவையும் 1649 சட்டத்தொகுப்பு எடுத்துவிட்டது. எத்தனை வருடமானாலும், பிள்ளை குட்டியோடு, திருப்பி அனுப்ப வேண்டும். மனிதரை நிலத்திலிருந்து பிரித்து விற்கும் வழக்கமும் பின்னாலேயே வந்தது.

உங்கள் கோகோல் சந்தேகமும் இதில் தீரும். ரஷ்யாவில் ஆண் பண்ணையடிமைகளை ‘ஆன்மா’ என்று எண்ணிக் கணக்கெடுத்து, தலைக்கு வரி போட்டார்கள். அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை, இடையில் செத்தவனும் காகிதத்தில் உயிரோடு இருப்பான். அவனுக்கும் ஆண்டை வரி கட்ட வேண்டும். செத்தவர்களைச் சல்லிசாக வாங்கி, உயிருள்ள சொத்தாகக் காட்டி, அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்பதுதான் அந்தக் கதாநாயகனின் திட்டம்.

உயிரோடு இருந்தவர்களின் விலையும் நமக்குத் தெரியும். உக்ரைனியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்தவர். 1838-இல் அவருடைய ஓவியத் திறமையைக் கண்ட நண்பர்கள், ஆண்டை கேட்ட 2,500 ரூபிளுக்கு வழி தேடினார்கள். புகழ்பெற்ற ஓவியர் பிரியுலோவ், கவிஞர் ஷுகோவ்ஸ்கியின் உருவத்தை வரைந்து கொடுத்தார்; அந்தப் படத்தைக் குலுக்கலில் விட்டுப் பணம் சேர்த்து அவரை மீட்டார்கள். அவருடைய உடன்பிறந்தவர்கள் பண்ணையிலேயே கிடந்தார்கள். 1861 பிப்ரவரி 19 அன்று இரண்டாம் அலெக்சாந்தர் விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திட்டபோது ஷெவ்சென்கோ நோயில் படுத்திருந்தார். ஒரு வாரத்தில் இறந்துபோனார். தேவாலயங்களில் அந்தச் சாசனம் வாசிக்கப்பட்டது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சாசனத்தால் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தனியார் ஆண்டைகளிடமிருந்து விடுபட்டார்கள். கிரிமியப் போரில் வாங்கிய அடி, கலகம் வந்துவிடுமோ என்ற பயம், இரண்டும்தான் மன்னனைத் தள்ளின. நிலத்தின் விலையை அரசு ஆண்டைகளுக்குக் கொடுத்துவிட்டு, குடியானவனிடம் 49 வருடத் தவணையில் வட்டியோடு வசூலிக்கத் தொடங்கியது. ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த நிலத்தில் ஒரு பகுதியை ஆண்டை பல இடங்களில் அறுத்து எடுத்துக்கொண்டார். தவணைக்கு ஊர்ச் சபை மொத்தமாகப் பொறுப்பு. அதனால் ஊர்ச் சபை அனுமதித்தால்தான் வெளியூர் போக அனுமதிச் சீட்டு. சாட்டை ஆண்டையின் கையிலிருந்து போனது. கதவு இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. 1905 புரட்சிக்குப் பிறகுதான் தவணையை ரத்து செய்தார்கள், 1907 ஜனவரி முதல்.

உங்கள் அலமாரியில் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ இருந்தால் அதைப் பேத்திக்கு எடுத்துக் கொடுங்கள். செகாவின் தாத்தா 1841-இல் 3,500 ரூபிள் கொடுத்துத் தன் குடும்பத்தை மீட்டவர். நாடகத்தில் ஃபீர்ஸ் என்று 87 வயது வேலைக்காரக் கிழவர் வருவார். விடுதலை வந்தபோது வேண்டாமென்று எஜமானர்களோடேயே தங்கிவிட்டவர். கடைசிக் காட்சியில் எல்லோரும் பெட்டி படுக்கையோடு கிளம்பிப் போகிறார்கள். கதவைப் பூட்டிய பிறகுதான், ஃபீர்ஸ் உள்ளேயே விடுபட்டுப்போனது நமக்குத் தெரிகிறது. 1904 ஜனவரியில் அந்த நாடகம் மாஸ்கோவில் முதன்முதலாக மேடையேறியபோது, குடியானவர்கள் தங்கள் விடுதலையின் தவணையை இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.